நட்சத்திரமே பிறக்காத காலத்தில் கருந்துளை எப்படி வந்தது?

கேள்வி (மார்ச் 7, 2025, படிவம் 6 படிக்கும் தம்பி ஒருவர், சுங்கை சிப்புட்):
"பெரிய நட்சத்திரம் செத்தால்தான் கருந்துளை வரும் என்று படித்தோம். இப்போது பார்த்தால் பெருவெடிப்பு முடிந்து ஒரு வினாடிகூட ஆகாத நேரத்தில் கருந்துளைகள் பிறந்திருக்கலாம் என்கிறார்கள். தாத்தா பிறக்கும் முன்னே பேரன் பிறந்த கதையாக இருக்கிறதே. சும்மா கதை விடுகிறார்களா?"

மார்ச் 7, இரவு 11:20

கதை இல்லை தம்பி. நட்சத்திரத்தைக் கருந்துளைக்குத் தாத்தா ஆக்கியதுதான் தப்பு. இவ்வளவு பொருளை இவ்வளவு இடத்துக்குள் நெருக்கிவிட்டால் கருந்துளை, அவ்வளவுதான் கணக்கு. யார் நெருக்கினார்கள் என்று அது விசாரிப்பதில்லை. சூரியனை 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள் அமுக்கினால் ஆகிவிடும். பூமி என்றால் 9 மில்லிமீட்டர் ஆரம், நாம் விளையாடிய கோலிக்குண்டு அளவு. இன்றைக்கு அப்படி அமுக்குகிற பலம் பெரிய நட்சத்திரத்தின் சாவுக்குத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வினாடிக்குள் எல்லா இடமும் அமுங்கித்தான் கிடந்தது.

அப்புறம் ஏன் எல்லாமே கருந்துளை ஆகவில்லை என்று கேட்பீர்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்து, ஒரே மாதிரி விரிந்தது, அதனால்தான். எந்தப் பக்கம் போய் விழுவது? எங்காவது ஓர் இடம் அக்கம்பக்கத்தைவிட ஏறக்குறைய பாதி பங்கு கூடுதல் அடர்த்தியாக இருந்தால் மட்டும், உள்ளே இருக்கும் ஒளியின் அழுத்தத்தையும் மீறி ஈர்ப்பு அதைச் சுருட்டிவிடும். சோவியத் இயற்பியலாளர்கள் ஸெல்டோவிச்சும் நோவிக்கோவும் 1967இல் இதைத் தொட்டார்கள், ஹாக்கிங் 1971இல் தனியாக எழுதினார். இவ்வளவு சின்னக் கருந்துளைகளை யோசிக்கப் போய்த்தான் அவர் 1974இல் கருந்துளை ஆவியாகும் என்ற இடத்துக்கே வந்தார்.

எவ்வளவு எடை என்றால், பிறந்த நேரத்தில் ஒளி எவ்வளவு தூரம் ஓடியிருக்க முடியுமோ அந்த எல்லைக்குள் இருந்த பொருளின் எடை. 1 வினாடியில் பிறந்தால் ஒரு சூரியன்.

மார்ச் 8, காலை 7:05

கடைசி வரி தப்பு. இரவு ஷிப்ட் முடிந்து ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. ஒரு வினாடியை 1 லட்சம் துண்டாக வெட்டி, அதில் முதல் துண்டு முடிகிற நேரத்தில் பிறந்தால்தான் ஒரு சூரியன் எடை. 1 வினாடியில் பிறந்தால் 1 லட்சம் சூரியன். நேரமும் எடையும் சேர்ந்தே ஏறும். செம்பனை ஆலையில் லோரி நிறுக்கும் தராசில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவன் எடையில் 1 லட்சம் மடங்கு கோட்டைவிட்டேன் என்று யாரும் முதலாளியிடம் போய்ச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. பிறக்கும்போதே 500 மில்லியன் டன்னுக்குக் குறைவாக இருந்தவை இந்நேரம் ஆவியாகி முடிந்திருக்கும். அந்த எல்லையில் இருப்பது ஒரு புரோட்டான் அளவுதான் இருக்கும். எங்கள் ஆலையில் இத்தனை வருஷமாக நிறுத்த குலைகளை எல்லாம் சேர்த்தாலும் அந்த எடையின் பக்கத்தில்கூட வராது.

மார்ச் 9, மாலை 4:30

மழை பிடித்துக்கொண்டது, வெளியே போக முடியாது, அதனால் தம்பியின் அடுத்த கேள்வி. "பாதி பங்கு கூடுதல் அடர்த்தி எங்கிருந்து வந்தது? நுண்ணலைப் பின்னணியில், அதாவது பெருவெடிப்பின் மிச்ச ஒளியில், ஏற்ற இறக்கம் 1 லட்சத்தில் ஒரு பங்குதானே?"

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். நாம் அளந்தது பெரிய தூரங்களில் உள்ள ஏற்ற இறக்கத்தை மட்டும், அதாவது இன்று விண்மீன் திரள்களும் அவற்றின் கூட்டங்களும் ஆகியிருக்கும் தூரங்கள். அதைவிட மிக மிகச் சின்னத் தூரங்களில் எவ்வளவு ஏற்ற இறக்கம் இருந்தது என்று அந்தப் பழைய ஒளி சொல்வதில்லை. அங்கே ஒரு புடைப்பு ஒளிந்திருக்க இடம் இருக்கிறது. வலுக் கணக்கில், அதாவது ஏற்ற இறக்கத்தை வர்க்கப்படுத்திச் சொன்னால், நாம் அளந்தது 1 பில்லியனில் 2 பங்கு. கருந்துளை பிறக்க 100இல் ஒரு பங்கு வேண்டும். ஏறக்குறைய 5 மில்லியன் மடங்கு வித்தியாசம்.

பெருவீக்கத்தின்போது, அதாவது முதல் வினாடியின் மிகச் சிறிய பங்கில் எல்லாம் தடதடவென்று உப்பிய நேரத்தில், அதை உப்ப வைத்த புலம் ஒரு சரிவில் உருண்டு இறங்கிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிவு செங்குத்தாக இருந்த இடத்தில் வேகம் கூடி, ஆட்டமும் கூடி, புடைப்பு வந்திருக்கும்.

மார்ச் 10, இரவு 1:15

மேலே கடைசி வாக்கியத்தை அழிக்காமல் விடுகிறேன், ஆனால் அது தலைகீழ். வேகம் கூடினால் ஆட்டம் பெரிதாகும் என்று மனசு தானாகவே போய்விடுகிறது. பல்கலைக்கழகத்தில் பரீட்சையிலும் இதையேதான் எழுதினேன், அப்போதும் தப்புத்தான்.

அப்பாவின் சைக்கிள் கதையோடு சொல்கிறேன். ரப்பர் இருந்த காலத்தில் அப்பாவும் பக்கத்து நிரைக்காரரும் பாலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மேட்டு லயத்துப் பக்கமிருந்து ஸ்டோருக்கு இறங்குவார்கள். முதலில் நல்ல இறக்கம், அப்புறம் ஓடைக்குப் பக்கத்தில் தட்டையான ஒரு துண்டு, மழை பெய்தால் செம்மண் குழம்பாகி மட்கார்டுக்குள் அடைத்துக்கொள்ளும், குச்சியால் நோண்டி எடுத்துவிட்டுத்தான் அடுத்த சுற்றே சுற்றும். இறக்கத்தில் ஒருவர் மற்றவரைவிட மூன்று அடி பின்தங்கினால் என்ன ஆகும்? கண் சிமிட்டும் நேரம்தான் வித்தியாசம். அதே மூன்று அடி அந்தச் சேற்றில் என்றால் ஒருவர் ஸ்டோருக்குப் போய்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வெற்றிலை மடிக்கும்போதுதான் மற்றவர் வந்து சேர்வார்.

புலத்துக்கும் அதேதான். குவாண்டம் ஆட்டம் அதை முன்னேயும் பின்னேயும் தள்ளுகிறது, அந்தத் தள்ளலின் அளவு சரிவிலும் தட்டையிலும் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது வேகம். தள்ளலை வேகத்தால் வகுத்தால் நேர வித்தியாசம். புலம் ஊர்ந்துபோன இடத்தில் அந்த வித்தியாசம் பெரிதாகும். எந்த இடத்தில் பெருவீக்கம் தாமதமாக முடிந்ததோ அந்த இடம் தாமதமாக நீர்க்கத் தொடங்கும், அதனால் சுற்றுப்புறத்தைவிட அடர்த்தியாக நிற்கும். கருந்துளைக்கு வித்து அந்தத் தாமதம்தான்.

5 மில்லியன் மடங்கு வலு வேண்டுமென்றால் வேகம் அதன் வர்க்கமூலம் அளவுக்கு, சுமார் 2200 மடங்கு, குறைய வேண்டும். முழுத் தட்டையில் பிரபஞ்சம் எத்தனை மடங்கு நீள்கிறதோ அதன் மும்மடிக்குத் தகுந்தபடி வேகம் விழும். நிறுவைச் சீட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்: 13 மடங்கு நீண்டால் போதும், 13 × 13 × 13 = 2197. பெருவீக்கம் முழுவதும் 50, 60 முறை, ஒவ்வொரு முறையும் 2.7 மடங்கு உப்பிய கூத்தில் 13 மடங்கு என்பது இரண்டரை முறைக்குக் கொஞ்சம்தான் கூட, சேற்றுத்துண்டு அவ்வளவு சின்னது.

மார்ச் 10, இரவு 1:40

எழுதிவிட்டுப் படித்தால் ஏதோ தீர்ந்துபோன விஷயம் மாதிரி இருக்கிறது. இல்லை. 2022இல் டோக்கியோவில் கிறிஸ்தியானோவும் யோகோயாமாவும் ஒரு குண்டு போட்டார்கள்: சின்னத் தூரத்தில் அவ்வளவு பெரிய புடைப்பு இருந்தால் அது திரும்பிவந்து, நாம் அளந்திருக்கும் பெரிய தூர ஏற்ற இறக்கத்தையும் கெடுத்துவிடும், ஆகவே ஒரே புலம் வைத்த பெருவீக்கத்தில் இந்த வழி நடக்காது என்று. கெடுக்காது, தட்டையிலிருந்து வெளியேறுவது மெதுவாக இருந்தால் பிரச்சினை இல்லை என்று வேறு சிலர் மறுத்தார்கள். கணக்கு என் தலைக்கு மேல். எனக்கு இரண்டு பக்கமும் படிக்கும்போது அந்தந்தப் பக்கம்தான் சரி என்று படுகிறது, அதை என் கருத்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மார்ச் 12, இரவு 10:50

இன்று பசார் ரமலானில் நாசி கெராபு வாங்கப்போன இடத்தில் ஒரு டீச்சரக்கா பிடித்துக்கொண்டார். "நீ எழுதினதைப் படிச்சேன், நம்ம தோட்டத்துல ஒண்ணு வந்து விழுந்தா என்னப்பா ஆகும்?"

அக்கா, இதற்குத் தராசுக்காரன் பதில் இருக்கிறது. நம்மைச் சுற்றியுள்ள கரும்பொருளின் (கண்ணுக்குத் தெரியாது, ஈர்ப்பை வைத்துத்தான் இருக்கிறது என்று தெரியும்) அடர்த்தியும் அது ஓடும் வேகமும் ஏறத்தாழ தெரிந்தவை. பெருக்கிப் பார்த்தால் வருஷத்துக்கு 700 டன் அளவு கரும்பொருள் பூமி முழுவதற்குள்ளும் புகுந்து வெளியேறுகிறது. ஒரு நல்ல ஆலை ஒரே நாளில் நிறுக்கிற குலை. கரும்பொருள் எல்லாமே ஆதிக் கருந்துளைகள், அதாவது நாம் பேசும் இந்த முதல் வினாடிக் கருந்துளைகள், என்று வைத்து, ஒவ்வொன்றும் சூரியனில் டிரில்லியனில் ஒரு பங்கு, அதாவது ஒரு குறுங்கோள் எடை என்றால், 3 டிரில்லியன் வருஷத்துக்கு ஒருமுறை ஒன்று பூமியைத் துளைத்துப் போகும். பிரபஞ்சத்தின் வயதே 13.8 பில்லியன். நம் தோட்டத்துக்கு வரும் என்று காத்திருப்பதைவிட ரோட்டுக் குழியை மூட வருவார்கள் என்று காத்திருக்கலாம்.

ஏன் குறுங்கோள் எடை என்று தம்பி கேட்டார். மற்ற இடங்களில் எல்லாம் வேலி போட்டுவிட்டார்கள். ரொம்பச் சின்னது என்றால் ஆவியாகும்போது வரும் காமாக் கதிர் தெரிந்திருக்க வேண்டும். பெரியது என்றால் பின்னால் இருக்கும் நட்சத்திரத்தின் ஒளியை வளைத்துச் சற்று நேரம் பிரகாசமாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். சுபாரு தொலைநோக்கியை ஓர் இரவில் 7 மணி நேரம் பக்கத்து விண்மீன் திரளான ஆண்ட்ரோமிடா பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார்கள், அகப்பட்டது சந்தேகத்துக்குரிய ஒன்றே ஒன்று. நடுவில் குறுங்கோள் எடையில் மட்டும் ஒரு சந்து திறந்து கிடக்கிறது, கரும்பொருள் மொத்தமும் நுழையுமளவுக்கு.

மார்ச் 14, விடியற்காலை 3:10

இப்போதுதான் ஈர்ப்பலைக்கு, அதாவது வெளியையே நெளியவைத்து ஓடும் அலைக்கு, வருகிறேன், உண்மையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

புடைப்புகளில் மிகப் பெரும்பாலானவை கருந்துளை ஆவதே இல்லை. சுருங்கப் பார்க்கும், ஒளியின் அழுத்தம் திருப்பித் தள்ளும், அலைந்துவிட்டுக் கரைந்துபோகும். குறுங்கோள் எடையில் கரும்பொருள் முழுவதையும் நிரப்ப, பிறக்கும் நேரத்தில் 100 டிரில்லியனில் ஓர் இடம் அளவுக்குக் கருந்துளை ஆனாலே போதும். (ஒளி விரியும்போது கருந்துளையைவிட வேகமாக நீர்த்துவிடுவதால் அந்த ஒன்று பிறகு மேலோங்கிவிடுகிறது.) மீதி எல்லாம் தோற்ற புடைப்புகள். ஆனால் தோற்றவை சும்மா தோற்கவில்லை. ஒழுங்காக உருண்டையாக ஏறி இறங்கினால் ஈர்ப்பலை வராது; இவையோ ஒன்றின் மேல் ஒன்று மோதி, கோணல்மாணலாக அலைந்து, வெளியையே குலுக்கிவிடுகின்றன. அந்தக் குலுக்கல் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

வெளியே தகரக்கூரையில் மழை. ஒரு துளியையும் தனியாகக் கேட்க முடியவில்லை, மொத்தமாக ஒரு இரைச்சல்தான். அது மாதிரியே.

அழகு என்னவென்றால் கருந்துளையின் எடை தெரிந்தால் அலையின் சுருதி தெரியும். ஒரு சூரியன் எடைக்கு நானோஹெர்ட்ஸ், அதாவது ஓர் அலை கடக்கப் பல வருஷம். சூரியனில் டிரில்லியனில் ஒரு பங்குக்கு மில்லிஹெர்ட்ஸ், சில நிமிஷத்துக்கு ஓர் அலை. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024 ஜனவரியில் உறுதிசெய்த ஈர்ப்பலைக் கருவி லிசா, 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று கலங்கள், 2035 வாக்கில் கிளம்பப்போகிறது. அது கேட்கப்போவது சரியாக அந்த மில்லிஹெர்ட்ஸைத்தான். திறந்து கிடக்கும் சந்தும் அதன் காதும் ஒரே இடத்தில் வந்து நிற்பது யாரும் திட்டம் போட்டதல்ல, தற்செயல்.

ஆகவே லிசாவில் இந்த இரைச்சல் கேட்டால் ஆதிக் கருந்துளை உண்டு என்று உறுதி.

மார்ச் 14, மாலை 5:20

உறுதி இல்லை. தூங்கி எழுந்தபின் மறுபடி யோசித்தேன், இதுவும் தலைகீழ். (தலைகீழாக எழுதுவது என் ஜாதகத்தில் இருக்கிறது போல.)

புடைப்பின் வலுவைப் பாதியாகக் குறையுங்கள். அலையின் வலு அதன் வர்க்கம், ஆகவே கால் பங்காகும், கேட்டுவிடலாம். கருந்துளையின் எண்ணிக்கையோ அப்படி விழாது, அடுக்கில் விழும்: 100 டிரில்லியனில் ஒன்று என்று இருந்தது மேலும் 100 டிரில்லியன் மடங்கு குறைந்து ஒன்றுமே இல்லாமல் போகும். நாலு நம்பர் குலுக்கல் கணக்குத்தான். இருபத்து மூன்று பரிசு இருக்கிறது, பத்தாயிரம் நம்பர் இருக்கிறது, கடை நிறையக் கூட்டம் இருக்கிறது, கடை இரைச்சலாக இருப்பதால் யாருக்காவது விழுந்திருக்கிறது என்று சொல்ல முடியாது.

மறுபக்கம்தான் உறுதி. குறுங்கோள் எடைக் கருந்துளைகள் இந்தப் புடைப்பு வழியாகப் பிறந்து கரும்பொருளை நிரப்புகின்றன என்றால் இரைச்சல் வந்தே ஆக வேண்டும். லிசாவில் ஒன்றும் கேட்காவிட்டால் அந்த வழி மூடப்படும். கேட்டால், புடைப்பு இருந்தது என்று மட்டும் தெரியும், கருந்துளை தனிக் கேள்வி. எனக்கு இப்போது அந்தப் புடைப்பே போதும் என்று தோன்றுகிறது. பெருவீக்கத்தின் கடைசிப் பகுதியை எட்டிப் பார்க்க வேறு சந்து அதிகம் இல்லை.

மார்ச் 17, இரவு 9:30

இன்றோடு பதினோரு வருஷம். 2014 மார்ச் 17இல் பைசெப்2 குழு தென்துருவத்திலிருந்து பெருவீக்கத்தின் ஈர்ப்பலைத் தடத்தைப் பார்த்துவிட்டதாக அறிவித்தது. அடுத்த நாள் நான் ஒட்டுக்கடையில் பத்துப் பேருக்குத் தே தாரிக் வாங்கிக்கொடுத்து விளக்கம் சொன்னேன். ஒன்பது பேர் டீக்காக இருந்தார்கள், அப்பா மட்டும் உட்கார்ந்து கேட்டார். 2015 தொடக்கத்தில் பிளாங்க் செயற்கைக்கோளின் தரவோடு சேர்த்துப் பார்த்ததில் அந்தச் சமிக்ஞையைப் பெரும்பாலும் நம் பால்வீதியின் தூசியே கொடுத்துவிடும் என்று ஆகிவிட்டது. அதே வருஷம் செப்டம்பரில் சுமத்ராப் புகைமூட்டம் வந்து எதிரே இருக்கும் சுண்ணாம்புக்கல் மலையே தெரியவில்லை. அப்பா மலை இருந்த பக்கம் கையைக் காட்டி, "உன் அலையும் இப்படித்தான்டா போச்சு" என்றார்.

இதைச் சொல்லக் காரணம், இரண்டு பேர் இரண்டு அலைகளையும் குழப்பிக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். பைசெப் தேடியது பெருவீக்கம் நேரடியாகக் கிளப்பிய அலை; அது இன்னும் அகப்படவில்லை. நான் பேசுவது பெருவீக்கம் விட்டுப்போன புடைப்புகள் பிறகு அலைந்து கிளப்பிய அலை. முதலாவது தாய் அழுத சத்தம் என்றால் இரண்டாவது பிள்ளைகள் சண்டை போடும் சத்தம்.

மார்ச் 19, காலை 8:00

"2023இலேயே கேட்டுவிட்டார்களே" என்று ஒருவர். ஆமாம், 2023 ஜூன் கடைசியில் அமெரிக்காவின் நானோகிராவ் குழு, ஐரோப்பியர்கள் (கூடவே புனே பக்கத்து வானொலித் தொலைநோக்கியை வைத்து இந்தியர்கள்), ஆஸ்திரேலியர்கள், சீனர்கள் எல்லாரும் பல்சார்களின் (கடிகாரம் மாதிரித் துடிக்கும் செத்த நட்சத்திரங்கள்) துடிப்பு நேரத்தை அளந்து நானோஹெர்ட்ஸ் இரைச்சலுக்குச் சான்று காட்டினார்கள். ஆனால் முதல் சந்தேகம் விண்மீன் திரள்களின் நடுவில் சுற்றும் பெருங்கருந்துளை ஜோடிகள் மேல்தான் போகிறது, போகவும் வேண்டும். புடைப்பு விளக்கமும் எண்ணிக்கைக்குப் பொருந்துகிறது. 2014க்குப் பிறகு பொருந்துகிறது என்ற ஒரே காரணத்துக்காக நான் யாருக்கும் டீ வாங்கித் தருவதில்லை.

ஈர்ப்பலைக் கருவி லைகோ 2015 செப்டம்பர் 14இல் கேட்ட முதல் மோதல், 36 சூரியனும் 29 சூரியனும், அதையும் ஆதிக் கருந்துளை என்றவர்கள் உண்டு. நானும் கொஞ்ச நாள் நம்பினேன். நட்சத்திரம் அந்த எடையில் கருந்துளை செய்யும் என்பதால் எடையை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு சூரியனுக்கும் குறைந்த கருந்துளை ஒன்று மோதினால் அப்போது பேசலாம். 1930இல் பத்தொன்பது வயதில் பம்பாயிலிருந்து கப்பலேறிய சந்திரசேகர் வழியிலேயே போட்ட கணக்கு, பிறகு 1.4 சூரியன் என்று நின்றது: அதற்குக் கீழே செத்த நட்சத்திரம் வெண்குள்ளனாகத் தாங்கி நிற்கும், கருந்துளை ஆகாது. அந்த எடையில் ஒன்று அகப்பட்டால் அது நட்சத்திரத்தின் பிள்ளை இல்லை, தம்பி, உங்கள் தாத்தா பேரன் கேள்விக்கு அன்றைக்குப் பதில்.

மார்ச் 23, காலை 7:40

மார்ச் 10ஆம் தேதி கணக்கு போட்ட நிறுவைச் சீட்டு ஞாபகம் இருக்கிறதா? அதை நான் கவனிக்காமல் ஒரு லோரிக்கார அண்ணனிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன். பின்பக்கத்தில் 13 × 13 × 13, அடியில் இரண்டு கோடு போட்டு 2197. அவர் ஒரு வாரம் யோசித்துவிட்டு, கிராணி ஜாடையாகச் சொல்கிறார் என்று முடிவுகட்டி, நேற்று சனிக்கிழமைக் குலுக்கலுக்கு 2197இல் ஐந்து வெள்ளி வைத்திருக்கிறார்.

ஆறுதல் பரிசில்கூட வரவில்லை. இன்று காலை தராசில் ஏறியதும் கண்ணாடியை இறக்கி, "அடுத்த தடவை சரியா எழுதுப்பா" என்றார்.